எரியாத கட்சிக்காரர்

அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். பதினோரு வருஷம் அந்த மனிதரும் நானும் ஒரே தேயிலை ஆலையில், பக்கத்துப் பக்கத்து ரோலரில் நின்று கொழுந்து உருட்டினோம். பதினோரு வருஷத்தில் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போனதில்லை. மழை வரும் என்று நான் சொன்னால் வராது என்பார். வந்து, இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து நிற்கும்போதும், “இது மழை இல்ல மாப்ள, மூடுபனி கொஞ்சம் கனத்துருச்சு” என்பார். அப்படிப்பட்ட ஆள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் தோட்டத்திலும் யாரும் சொன்னதில்லை. இலங்கையில், நானுஓயாவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளையிலிருந்து வேலையாட்களை மேய்க்கிற பெரிய கங்காணி வரை அவருக்கு ஒரே பெயர்தான்: எரியாத கட்சி. “எரியாத கட்சி வேலைக்கு வந்திருச்சா?” என்று கேட்பார்கள். எனக்கு முறைக்கு மாமா. அதனால் சண்டை போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

மாசி பிறந்தால் மலைநாட்டுத் தோட்டங்களில் காமன் பண்டிகை. பிறை தெரிந்ததும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனைச் சுட்ட கதையை ஆடிக் காட்டுவார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லாவணி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, டேப்பு என்கிற தோல்வாத்தியத்தைக் கையில் பிடித்துத் தட்டிக்கொண்டு, பாட்டாலேயே வழக்காடுவார்கள். காமன் எரிந்து சாம்பலானான் என்பது ஒரு கட்சி. எரியவே இல்லை, உடம்பு மட்டும்தான் மறைந்தது என்பது அடுத்த கட்சி. என் அப்பா எரிந்த கட்சி. நானும் எரிந்த கட்சி. எதிரே நின்றவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

மற்றவர்கள் பாடி முடித்ததும் கட்சியைப் பொட்டலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள். அவர் கட்சியையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சம்சாரம், எனக்கு முறைக்கு அக்கா, ரொட்டியைக் கரிய விட்டுவிட்டால், “எரியல புள்ள, செவந்திருக்கு” என்று மென்று விழுங்குவார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். யாராவது “அவ்வளவுதான், எல்லாம் போச்சு” என்று இடிந்துபோய் உட்கார்ந்தால் எங்கிருந்தாலும் வந்து நிற்பார். “போச்சா? சாம்பலைக் காட்டு, நம்புறேன்” என்பார். பசு செத்துப்போன ஒருவனிடமும் இதைச் சொல்லப்போய் அடி வாங்கப் பார்த்தார்.

அவருடைய குரல் நன்றாக இருக்காது. அதைச் சொல்லிவிட வேண்டும். கரகரப்பு, மேலே போனால் பிளக்கும். என் குரலுக்கு அது கால் தூசு. ஆனால் அவர் பாட்டை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் பொட்டலே தலையைத் திருப்பும். உள்ளங்கை இரண்டும் கொழுந்துச் சாறு ஊறிக் கன்னங்கரேல் என்றிருக்கும். அந்தக் கையை மடக்காமல் நீட்டிக் கேட்பார்.

குடியுரிமைக்கு மனுப் போட்ட காலம் அது. அப்பா பிறந்த பதிவைக் கொண்டுவா, தாத்தா பிறந்த பதிவைக் கொண்டுவா என்று எங்களை அலைய விட்டார்கள். ஒரு கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், அவருடைய அப்பா பிறந்த வருஷத்துப் புத்தகம் தீயில் போய்விட்டது என்றார்கள். நானும் கூட நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம் இவர் மிகவும் மரியாதையாக, “புத்தகந்தானுங்களே எரிஞ்சிச்சு, எங்கப்பாரு எரியலைங்களே?” என்று கேட்டார். மனு தள்ளுபடி. வெளியே வந்து படியில் நின்று, சாம்பலைக் காட்டச் சொல்ல மறந்துவிட்டேனே என்று வருத்தப்பட்டார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் மனுவும் அன்றைக்குத்தான் தள்ளுபடியானது. நான் “சரிங்க ஐயா” என்று கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.

இனி அண்டக் கதைக்கு வருகிறேன். எங்கள் லயத்துக் காம்பராக்களில், அதாவது வரிசை வீட்டு ஒற்றை அறைகளில், சுவர் முழுக்கப் பழைய பத்திரிகை ஒட்டுவது வழக்கம். குளிர் கொஞ்சம் மட்டுப்படும், கரியும் தெரியாது. அக்கா கோதுமை மாவில் பசை கிண்டி ஒட்டியிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அடுப்புக்கு எதிரே ஒரு தாளைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். உரித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும் என்று யாரையும் கைவைக்க விடமாட்டாள். அவர் என்ன செய்வார்? பாயில் மல்லாந்து படுத்து, தலையைச் சுவர்ப்பக்கம் கொடுத்து, அண்ணாந்து பார்த்துப் படிப்பார். வேலை விட்டு வந்து அரை மணி நேரம் அந்தக் கோலத்தில் கிடப்பார். அக்கா அவரைத் தாண்டித் தாண்டிச் சமைப்பாள்.

அந்தத் தாளில் நட்சத்திர மண்டலங்கள் உண்டான விதத்தை யாரோ எழுதியிருந்தார்கள். ஆதியில் மண்ணும் இல்லை, சூரியனும் இல்லை. எல்லா இடத்திலும் மெல்லிய ஆவி. ஏறக்குறைய ஒரே சீராகத்தான் பரவியிருந்தது. ஆனால் இங்கே ஒரு துளி கூடுதல், அங்கே ஒரு துளி குறைவு. கூடுதலாக இருந்த இடம் பக்கத்தில் இருந்ததை இழுத்தது. இழுத்ததால் இன்னும் கூடியது. கூடியதால் இன்னும் இழுத்தது. கோடி கோடி வருஷம் இப்படியே போய், ஆவி திரண்டு கட்டியாகி, கட்டி நட்சத்திரமாகி, நட்சத்திரங்கள் சேர்ந்து மண்டலமாகி, மண்டலங்களும் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தன. நாம் இருக்கிற மண்டலம் அப்படி ஒன்று. அதைப் போல் எண்ண முடியாதவை இருக்கின்றன. இதற்கு மேல் “இந்த ஈர்ப்பு மட்டும் இல்லாதிருந்தால்” என்று ஆரம்பித்த வாக்கியம் ஒரு சோப்பு விளம்பரத்துக்கு அடியில் போய்விட்டது. அந்த விளம்பரத் தாளை அக்கா அதன்மேல் ஒட்டி மூடியிருந்தாள்.

மறுநாள் காலையில் ரோலருக்கு வந்ததும், “மாப்ள, ஒங்க சிவன் தோத்துட்டாரு” என்றார்.

என்ன விஷயம் என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். அந்த ஈர்ப்பு இருக்கிறதே, அதுதான் காமன் என்றார். உடம்பு கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, ஒன்றை ஒன்றோடு சேர்க்கிற வேலை மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. சிவன் சுட்டது சட்டையைத்தான், ஆள் அப்படியே இருக்கிறான் என்றார். பத்திரிகைக்காரன் எழுதினதற்கும் புராணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் எகிறினேன். அவர் ரோலரைக் காட்டினார்.

கொழுந்து உருட்டாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வாட்டின கொழுந்தை ரோலரில் கொட்டும்போது இலை வேறு, இலை வேறாகத்தான் விழும். சுற்றி அழுத்த அழுத்தச் சாறு கசியும். இரண்டு இலை ஒட்டும், மூன்றாவது வந்து சேரும். அரை மணி நேரத்தில் விளாங்காய் அளவுக்கு உருண்டை உருண்டையாகத் திரண்டு நிற்கும். அப்படியே விட்டால் தேயிலை கெட்டுவிடும் என்பதால் கட்டி உடைக்கிற சல்லடையில் போட்டு உதிர்ப்போம். மெஷின்தானே உருட்டுகிறது என்றேன். “மெஷின் எல்லாத்தையும் ஒண்ணுபோலத்தான் சுத்துது. அப்பறம் ஏன் இங்க உருண்டை, அங்க இல்ல?” என்றார். நான் சல்லடைப் பக்கம் போய்க் கட்டி உடைக்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு உருண்டைப் பைத்தியம் பிடித்தது. ஒன்றை உடைக்காமல் விட்டு எவ்வளவு பெரிதாகிறது என்று பார்க்க வேண்டும் என்று ஒருநாள் விட்டுவிட்டார். தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. டீமேக்கர், அதாவது ஆலைக்குப் பொறுப்பான ஐயா, அதைப் பார்த்துவிட்டுக் கத்தின கத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒரு வாரம் இவரை விறகு சுமக்க அனுப்பினார். விறகு சுமந்துகொண்டே என்னைப் பார்த்து, “தேங்கா அளவு மாப்ள” என்று கையால் காட்டிவிட்டுப் போனார்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விஞ்ஞானப் புத்தகம் என் கைக்கு வந்தது. மண்டலங்கள் எல்லாம் நூல் நூலாக, வலை பின்னினாற்போல் அண்டம் முழுக்கத் தொடுத்துக் கிடக்கின்றனவாம். நடுவே பெரிய பெரிய வெறுமைகள். அதோடு விட்டார்களா? கண்ணுக்குத் தெரிகிற பொருள் மட்டும் இழுத்திருந்தால் இத்தனை மண்டலம் இதற்குள் திரண்டிருக்கவே முடியாதாம். ஒளியில்லாத, தெரியாத ஏதோ ஒன்று அங்கங்கே முன்னமே திரண்டு இழுத்திருக்கிறதாம். உடம்பில்லாத இழுப்பு. எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தைத் தூக்கி அலமாரிக்கு மேலே போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். அந்தப் பந்தயம் என் வாய்க்கொழுப்பு. தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்காகச் சொன்னதுதான். அந்த வருஷம் மாசிக்கு முன்னால், கொழுந்து கொட்ட வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் நடுவில் அவர், என் அப்பா பாட்டில் சரக்கே இல்லை, சத்தம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கண் மண் தெரியவில்லை. வருஷா வருஷம் சமம் என்று முடிக்கிற வேலை இனி வேண்டாம், இந்த வருஷம் தோற்கிறவன் டேப்பை மற்றவனிடம் கொடுத்துவிட்டு, செத்தாலும் இனி லாவணி பாடக்கூடாது என்றேன். அக்கா வேண்டாம் வேண்டாம் என்றாள். அவர், “சரி” என்றார். அவர் என்னோடு ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

பாட்டை விட்டால் அந்த மனிதருக்கு என்ன இருந்தது? காம்பரா தோட்டத்துடையது. நாடு உன்னுடையது இல்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். டேப்பு ஒன்றுதான் அவர் சொந்தக் காசில் வாங்கினது. எனக்கும் அதே கதைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பொட்டலுக்குப் போகும்போது எனக்குப் பயமாக இருந்தது என்பதை இப்போதுதான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன்.

பொட்டல் நிறைந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துச் சனமும் வந்திருந்தார்கள். பெரிய கங்காணி நடுவர். டீமேக்கர் ஐயாவையும் மரியாதைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தீர்ப்பு மட்டும் கூட்டத்துடையது. எந்தப் பக்கம் கை அதிகம் உயர்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி. நாட்டில் எங்களுக்கு ஓட்டு இல்லாத காலம். காமன் பொட்டலில் இருந்தது.

முதல் அரை மணி நேரம் என் கைதான் ஓங்கியிருந்தது. சாம்பலை அள்ளிக் கொண்டு ரதி அழுததைப் பாடினேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அவர் டேப்பை ஒரு தட்டுத் தட்டி, கறுத்த கையை நீட்டினார்.

“ஆதியிலே அண்டமெல்லாம் ஆவி போலப் பரந்திருக்க
ஆர் இழுத்துத் திரட்டி வைத்தார் ஆயிரங்கோடி மண்டலம்?
சோதி வந்து காமனையே சுட்டெரித்த சாம்பலென்றால்
சோர்ந்திடாமல் சேர்த்து வைக்கும் சூத்திரத்தைச் சொல்லடா!”

அந்தச் சிவனேதான் சேர்த்தார் என்று பாடினேன். அப்படியானால் ஆளையும் சுட்டுவிட்டு, அவன் பார்த்த வேலையையும் சிவனே எடுத்துக்கொண்டாரா, இது என்ன தோட்ட நிர்வாகமா என்று பாடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டீமேக்கர் ஐயாவே வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். லாவணியில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி சொன்னதற்குப் பிரமாணம் கேட்கலாம். சுலோகமோ புராணமோ காட்டாவிட்டால் அவன் சொன்னது செல்லாது. ஆவி தானாகத் திரண்டு உருண்டையாகும் என்பதற்குப் பிரமாணம் காட்டு என்று பாடினேன். சுவரில் ஒட்டின தாளை இவர் எப்படிக் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தெரியும்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அசல் ரோலர் உருண்டை. விளாங்காய் அளவு.

யாரும் உருட்டவில்லை, தானாகத் திரண்டது, இதுதான் பிரமாணம் என்று பாட ஆரம்பித்தார். பொட்டலில் சத்தம் அடங்கிவிட்டது. பாட்டுக்காக அடங்கவில்லை. ஆலையிலிருந்து ஒரு கொழுந்தைக் கூட வெளியே கொண்டுவரக் கூடாது. வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வருவோம். பிடிபட்டால் திருட்டு. பத்துச்சீட்டு, அதாவது கணக்கு முடித்து விலக்குகிற சீட்டு, கொடுத்து விடுவார்கள். வேலையும் போகும், காம்பராவும் போகும். இந்தப் பைத்தியக்கார மனிதர் அதை டீமேக்கரின் நாற்காலிக்கு ஆறடி தூரத்தில் நின்று காட்டிக்கொண்டிருந்தார்.

டீமேக்கர் ஐயா எழுந்தார். “அது என்னா கையில?” என்றார்.

அவரும் கெட்ட மனிதர் இல்லை. பண்டிகை நாளில் வம்பு வேண்டாம் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. யாராவது ஏதாவது சொன்னால் உட்கார்ந்துவிடத் தயாராக இருந்தார். எனக்கு வாய் முந்திக்கொண்டது.

“சாணிங்க ஐயா. வெறும் சாணி உருண்டை.”

ஐயா “ஓ” என்றார். நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தும் விட்டார். அத்தோடு முடிந்திருக்கும். சாணி என்று ஆகிவிட்டால் அது பிரமாணம் இல்லை, எரியாத கட்சி தோற்கும், டேப்பு என் கைக்கு வரும். ஆனால் காம்பரா மிஞ்சும், பிள்ளைகளுக்குச் சோறு மிஞ்சும். நான் அதையெல்லாம் யோசித்துச் சொன்னேனா, ஜெயிக்க வேண்டும் என்று சொன்னேனா? சத்தியமாக எனக்கு இன்றைக்கும் தெரியாது. கூட்டத்தில் அக்கா இருந்த பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எரியாத கட்சிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேரே நாற்காலியிடம் போனார். உருண்டையை இரண்டாகப் பிளந்து ஐயாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்தப் பச்சை வாசம் எனக்கே வந்தது.

“மோந்து பாருங்க ஐயா. சாணியா இது? ரெண்டாம் நம்பர் ரோலரு. நேத்துப் பின்னேரம் எடுத்தது. எரியாத கட்சிக்குப் பொய்ப் பிரமாணம் வேணாம்.”

ஐயாவின் முகம் சுருங்கிவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் சொன்ன பிறகு அவரும்தான் என்ன செய்வார்? நாளைக்குப் பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து பொட்டல் ஓரத்தில் போய் நின்றார். போகவில்லை. யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரிய கங்காணி தொண்டையைக் கனைத்தார். பண்டிகை வழக்கம், தீர்ப்பு சொல்லாமல் கலையக் கூடாது என்றார். எரியாத கட்சிக்குக் கை தூக்குகிறவர்கள் தூக்கலாம் என்று சொன்னபோது அவர் குரல் உள்ளே போய்விட்டது. ஒருவரும் அசையவில்லை. அந்த நேரத்தில் கை தூக்கினால் திருடனுக்குக் கை தூக்கின மாதிரி.

முதல் கை அக்காவின் கை. இடுப்பில் பிள்ளை இருந்தது. அதை மறு இடுப்புக்கு மாற்றிவிட்டு, வலது கையை நேராகத் தூக்கினாள். அவர் ஜெயித்தால் திருட்டு உண்மை என்று ஆகும், திருட்டு உண்மையானால் அவளுக்கு அடுப்பு வைக்க இடமில்லை. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் தூக்கினாள். அடுத்து கொழுந்து கொட்டுகிற பெண்கள். பிறகு ஆலையாட்கள். ஒன்று, இரண்டு, பத்து. கடைசியில் பொட்டல் முழுக்கக் கை. டீமேக்கர் ஐயா பார்த்துக்கொண்டு நிற்க, அத்தனை பேரும் இறக்காமல் வைத்திருந்தார்கள்.

நான் தூக்கவில்லை. நான் எரிந்த கட்சி.

டேப்பை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். சாணி என்று சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் பெரட்டில் பத்துச்சீட்டு. தொழிற்சங்கத் தலைவர் ஓடிப்போய்ப் பேசினார். தெரியாமல் தலைப்பாகையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று ஒரு கடுதாசியில் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுகிறேன் என்று தோட்டத்தை நடத்துகிற துரை சொன்னதாக வந்து சொன்னார். “தெரிஞ்சுதான் எடுத்தேன்” என்று இவர் முடித்துவிட்டார். அக்காவைப் பிடித்தால் வழிக்கு வருவார் என்று எல்லாரும் அவளிடம் போனார்கள். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். “அந்தக் கடுதாசிய எடுத்துக்கிட்டு யாரும் எங்க இஸ்தோப்புல ஏறாதீங்க” என்று வாசல் திண்ணையைக் காட்டினாள். இத்தனை வருஷமாகத் தலையில் அடித்துக்கொண்ட அதே அக்கா.

பட்டிப்பொலப் பக்கம் ஒரு உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டாம் நம்பர் ரோலரை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் முழுக்க அதன் முன்னால் நின்றேன். பேச ஆள் இல்லாததால் உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பாடக்கூடாது என்றாலும் பதில் தேடக்கூடாது என்று பந்தயம் இல்லையே. ஐப்பசியில் ஒருநாள், கொழுந்து கொட்டிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்த மாசியில் எங்கள் பொட்டலில் கம்பம் ஊன்றினார்கள். லாவணி இல்லை. பட்டிப்பொலயில் எரியாத கட்சி கம்பம் நட்டிருக்கிறதாம் என்று சேதி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் எங்கள் லயமே ஏறினது. நானும் ஏறினேன், வேறு பெட்டியில். கேட்டவர்களிடம் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். எனக்குத் தங்கச்சி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

தகரக் கொட்டகை ஒன்றில் குடியிருந்தார்கள். நடுப்பகலிலேயே கை விறைக்கிற குளிர். அவர் பாதியாக இளைத்திருந்தார். நாலைந்து தோட்டத்துச் சனம் கூடியிருந்தது. நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு உள்ளே போனார். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று நினைத்துத் திரும்ப ஒரு எட்டு வைத்தேன். என் டேப்போடு வந்தார்.

வாங்கித் தட்டினேன். தோல் கணீரென்று பேசியது. அந்தக் குளிரில், அந்த மூடுபனியில், ஒரு நாள் நெருப்பில் காட்டாமல் விட்டால் தோல் தொங்கிவிடும். நான் அக்காவைப் பார்த்தேன்.

“சோறு பொங்காத நாளுலயும் அடுப்பு மூட்டச் சொல்லி இதைக் காய வச்சாருடா தம்பி” என்றாள். “ஒங்க ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டு அழுறேன் நான்.”

பந்தயம் என்னாவது என்று கேட்டேன்.

“கட்டினது நீ, ஒத்துக்கிட்டது நான். இப்ப வேணாங்குறதும் நான்தான்” என்றார். “எதிர்க்கட்சி இல்லாம எம்புட்டு நேரம் நானே கேட்டு நானே சொல்றது? ஒரு வருசம் யோசிச்சிருப்பியே. பாடு.”

பாடினேன். ஒரு வருஷம் பூட்டி வைத்த குரல்.

“இழுப்பவனே எங்குமென்றால் எல்லாம் ஒரே உருண்டையன்றோ?
இடையிடையே வெட்டவெளி ஏன் கிடக்கு, சொல்லய்யா!
கொழுந்துவிட்ட தீ விரட்டக் கூட்டம் கூட்டம் பிரிந்ததய்யா,
குறுக்கிருக்கும் வெட்டவெளி காமன் வெந்த சாம்பலே!”

சாம்பலைக் காட்டு, சாம்பலைக் காட்டு என்று ஊரையெல்லாம் கேட்ட மனிதருக்கு நான் சாம்பலைக் காட்டிவிட்டேன். எங்கள் தோட்டத்துச் சனம் ஓவென்று கத்தியது. அவர் டேப்பில் விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். சத்தம் வரவில்லை. அந்த மனிதர் பதில் இல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். என்னைக் கட்டிப்பிடித்துவிடுவார் போலிருந்தது. நல்லவேளை, பிடிக்கவில்லை.

“மாப்ள, ஒரு வருசம் தவணை குடு” என்றார்.

“ஒரு வருசம் என்னாங்க, ஒம்பது வருசம் எடுத்துக்குங்க. எரிஞ்சது எரிஞ்சதுதான்” என்றேன்.

“எரியல” என்றார்.